நிறுத்தி வைத்த பிரிண்ட்

எங்கள் வீட்டில் பிரிண்டர் மக்கர் பண்ணினால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் ஓடவில்லை என்றால் தெருமுனை எலக்ட்ரீஷியன், பிரிண்டர் ஓடவில்லை என்றால் மாடியில் இருக்கும் நான். "மேல இன்னா பண்ணிகினு கீற, கீழ பிரிண்டு வரல" என்று அண்ணன் படிக்கட்டுக்குக் கீழே நின்று கத்துவான். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டு இறங்குவேன். போய்ப் பார்த்தால் பேப்பர் தீர்ந்திருக்கும். அதைக்கூடப் பார்க்கத் தெரியாதா என்று நான் கத்துவேன், அவன் காது கேட்காதவன் மாதிரி உட்கார்ந்திருப்பான்.

காசிமேட்டுக்குப் போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிக்கொண்டே போன ஒல்லி வீடு எங்களுடையது. கீழே முன்னறையில் அண்ணன் கடை. அதற்குப் பின்னால் நைனாவும் அம்மாவும். நடு மாடியில் அண்ணனும் அண்ணியும். உச்சியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு அறையில் நான். ஒரு கிளியரிங் ஏஜெண்டுக்காக ஏற்றுமதிக் காகிதங்கள் அடித்துக் கொடுப்பது என் வேலை. கொரோனா வந்தபோது வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்றார்கள், பிறகு யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அடிப்பதை எல்லாம் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துக்கு அனுப்ப வேண்டும். வீட்டில் இருந்ததோ ஒரே பிரிண்டர், அண்ணன் கடையில் இருந்த பெரிய கலர் பிரிண்டர்.

அதனால் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே நெட்வொர்க்கில் நான்தான் சேர்த்தேன். பிரிண்டர் அண்ணன் கம்ப்யூட்டரோடு இருக்கும், மாடியிலிருந்து நான் கொடுத்தால் கீழே அடிக்கும். ஒரே நிபந்தனை, அண்ணன் கம்ப்யூட்டர் விழித்திருக்க வேண்டும். அவன் மதியம் அதை அணைத்துவிட்டுத் தூங்கப் போனால் என் காகிதமும் சேர்ந்து தூங்கும். 'பொது' என்று ஒரு ஃபோல்டரும் போட்டிருந்தேன். அவரவருக்கு ஒரு பெயர், ஒரு பாஸ்வேர்டு. யார் உள்ளே வரலாம், யார் வெறுமனே பார்க்கலாம், யார் மாற்றலாம் என்பதை டிக் அடித்து முடிவு பண்ணுவது நான். இந்த வீட்டில் எனக்கு அதிகாரம் இருந்த ஒரே இடம் அதுதான்.

அண்ணன் கடையில் கல்யாணப் பத்திரிகையும் அடிப்பார்கள். ஆனால் சோறு போட்டது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு உயிர் போனால், ஐஸ் பெட்டிக்கு ஒரு ஆள் ஓடுவார், போஸ்டருக்கு ஒரு ஆள் ஓடுவார். மேலே போட்டோ, நடுவில் இறந்தவர் பெயர், கீழே 'இவண்' என்று போட்டு வீட்டு ஆட்கள் பெயர் வரிசையாக. மகன், ஒரு சின்னக் கோடு, மருமகள். மகள், ஒரு சின்னக் கோடு, மருமகன். அந்த வரிசையில்தான் எல்லாம் இருக்கிறது. போட்டோ மங்கலாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பம் உடையும். எங்கள் கடை வாசலில் அப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது, பிணத்தை வீட்டில் போட்டுவிட்டு வந்து சண்டை போட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் அம்மா பிரிண்டருக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரைப் போட்டு உட்கார ஆரம்பித்தாள். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அண்ணன் சரிபார்க்க ஒரு புரூஃப் எடுத்து, பெயர்களைச் சத்தமாகப் படிப்பான். அம்மா கண்ணை மூடிக் கேட்பாள். "அந்தம்மாக்கு எண்ணூர்ல குட்த்த பொண்ணு ஒண்ணு கீதே, அது பேரு வுட்டுப் போச்சே" என்பாள். போஸ்டர் சொல்ல வந்தவர் தலையில் அடித்துக்கொள்வார். சில நேரம் அவர் நெளிவார், அந்தப் பெண் ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்டவள், வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்பார். அம்மா விடமாட்டாள். "பெத்தவ செத்துட்டா. இப்பகூட வாணாவா? போடு" என்பாள். போடாவிட்டால் அந்தப் போஸ்டரை அவள் கையால் எடுத்து அடுக்கமாட்டாள், அண்ணனே எழுந்து அடுக்க வேண்டும்.

இந்தப் போஸ்டர்களை எல்லாம் ஒரு காலத்தில் டைப் பண்ணியது என் அக்கா. நாங்கள் மூன்று பேர், அண்ணன், அக்கா, நான். தமிழ் டைப்பிங்கில் அக்காவை அடிக்க அந்த ஏரியாவில் ஆள் கிடையாது. அண்ணன் போட்டோவைச் சரிபண்ணி முடிப்பதற்குள் இவள் பெயர் வரிசை முழுவதையும் அடித்து, நேர்படுத்தி, டீயும் குடித்து முடித்திருப்பாள். வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் கடைத் திறப்பு நோட்டீஸ் அடிக்க வந்தார். பிறகு நோட்டீஸே இல்லாமல் வந்தார். அவர் முஸ்லிம். அக்கா அவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நைனாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, சொன்னபடியே கட்டிக்கொண்டாள்.

நைனா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். மேலேயே உட்கார்ந்து பழகிய மனுஷன், இறங்கி வந்து பேசத் தெரியாது. அக்கா போன அன்று அவர் கத்தவில்லை, சாமான் எதையும் உடைக்கவில்லை. "அவ பேரு இந்த வூட்ல எங்கியும் இருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். ரேஷன் கார்டிலிருந்து எடுத்தார்கள். அண்ணன் தயங்கித் தயங்கி மாடிக்கு வந்து, கம்ப்யூட்டரிலிருந்தும் எடுத்துவிடச் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நைனாவுக்குக் கம்ப்யூட்டரில் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, இவனுக்கு எதற்கு இந்த விசுவாசம்? டிக்குகளை எல்லாம் எடுத்தேன். அக்காவால் இனி எங்கள் ஃபோல்டரைப் பார்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. பெயரை மட்டும் எடுக்கவில்லை. பட்டியலில் எனக்கு மேலே அது அப்படியே இருந்தது, எந்த அனுமதியும் இல்லாமல்.

அம்மா அடிக்கடி வண்ணாரப்பேட்டைக்குத் துணி வாங்கப் போக ஆரம்பித்தாள். மெட்ரோ வந்த பிறகு இன்னும் சுலபமாகிவிட்டது. காலையில் போய்ச் சாயந்திரம் வருவாள், கையில் ஒரே ஒரு உள்பாவாடை இருக்கும். "ஒரு பாவாடை வாங்க ஒரு நாளா?" என்று நைனா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தெரிந்துகொள்ள வேண்டி வந்திருக்கும். பீரோவில் பிரிக்காத பாவாடைகள் ஏறிக்கொண்டே போயின.

போன வருஷம் மழை விட்ட ஒரு காலையில் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிட்டது. நான் வெளியே வந்து முதலில் அக்காவுக்குத்தான் போன் பண்ணினேன். அந்தப் பக்கம் துணி கிழிக்கும் சத்தமும் யாரோ பேரம் பேசுவதும் மட்டும் கேட்டது. பிறகு, "நான் வரலாமா?" என்று கேட்டாள். பெற்ற தாய் செத்ததற்கு வரலாமா என்று கேட்கும்படி அவளை வைத்திருந்தோம்.

ஊரில் யார் செத்தாலும் அண்ணன் கடை திறந்திருக்கும். எங்கள் வீட்டுச் சாவுக்கும் திறந்துதான் இருந்தது. வேறு கடையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், அண்ணன் கேட்கவில்லை. அம்மாவை உள்ளே கிடத்தியிருந்தோம். அவன் முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். நைனா எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்துவிட்டு, பிரிண்டருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாவின் சேரில் போய் உட்கார்ந்தார்.

நல்ல போட்டோ என்னிடம்தான் இருந்தது. அம்மா புதுப் புடவையில் சிரித்துக்கொண்டிருப்பாள். அக்கா வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், தன் கடையில் வைத்து எடுத்தது. மாடிக்குப் போய் அதைப் பொது ஃபோல்டரில் போட்டேன். கீழே அண்ணன் அதை எடுத்து, அம்மாவுக்குப் பின்னால் இருந்த துணி அடுக்குகளை நீக்கிவிட்டு, அங்கே நீல வானமும் இரண்டு குத்துவிளக்கும் வைத்தான். கொஞ்ச நேரத்தில் புரூஃப் ஃபோல்டரில் வந்து விழுந்தது. என் லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். அம்மாவை அந்த வானத்தில் பார்க்க முடியவில்லை, அதனால் நேராகப் பெயர்களுக்குப் போனேன்.

அக்கா பெயர் இருந்தது. மகன் – மருமகள், அதற்குக் கீழே மகள்கள் என்று போட்டு அக்கா, அதற்குக் கீழே நான். என் பெயருக்குப் பக்கத்தில் கோடு போட ஆள் கிடையாது, அது எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். அக்கா பெயருக்குப் பக்கத்திலும் கோடு இல்லை, மாமா பெயரும் இல்லை. அண்ணனுக்கு அவ்வளவுதான் தைரியம். அதுவாவது இருந்ததே என்று நினைத்தேன், அப்போதுதான் எனக்கு முதல்முறையாக அழுகை வந்தது.

நான் கீழே இறங்கி வந்தபோது நைனா, "படி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் படித்தான். மகள்கள் என்ற இடத்துக்கு வந்து அக்கா பெயரை மெதுவாகச் சொன்னான். வாசலில் இருந்த பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நைனா அவர்களைப் பார்த்தார்.

"யார்ரா அது?" என்றார்.

"நைனா, அம்மாக்கோசரம்..."

"எட்த்துடு."

அண்ணன் கையை மௌஸ் மேல் வைத்தான். அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எதற்கும் சரி என்று சொல்லமாட்டான், முடியாது என்றும் சொல்லமாட்டான். எதையாவது சொன்னால் யாராவது கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தே வளர்ந்தவன்.

நான் மாடிக்கு ஓடினேன். என்னிடம் அந்தப் புரூஃப் இன்னும் திறந்திருந்தது, அக்கா பெயரோடு. அதையே பிரிண்டுக்குக் கொடுத்தேன். கீழே நைனா மடிக்குப் பக்கத்தில் வந்து விழட்டும், எல்லார் முன்னாலும் விழட்டும், கிழிக்கிறதாக இருந்தால் அம்மா பக்கத்தில் வைத்தே கிழிக்கட்டும் என்று இருந்தது எனக்கு. காத்திருந்தேன். பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து பார்த்தேன். வந்து விழுந்ததெல்லாம் அக்கா பெயர் இல்லாத போஸ்டர். ஒன்றன்மேல் ஒன்றாக அம்மா சிரித்துக்கொண்டே வந்தாள். நைனா ஒவ்வொன்றாக எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

அண்ணன் காதருகே போய், "நான் குட்த்தத கேன்சல் பண்ணிட்டியா?" என்றேன்.

"இப்ப வாணாம்" என்றான். திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவனோடு பேச்சை நிறுத்தினேன்.

மதியத்துக்குள் போஸ்டரைத் தெரு முழுக்க ஒட்டிவிட்டார்கள். அக்கா ஆட்டோவில் வந்தாள். மாமாவும் வந்தார், ஆனால் தெருமுனை டீக்கடை ஓரத்திலேயே நின்றுகொண்டார். அங்கே வரிசையில் நின்ற டிரெய்லர் லாரிகளுக்குப் பக்கத்தில் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டு அவர் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன். எதிர்ச் சுவரில் பசை காயாமல் அம்மா இருந்தாள். அக்கா அங்கே நின்றுவிட்டாள்.

அவள் போட்டோவைப் பார்த்தாள், பிறகு பெயர்களைப் பார்த்தாள். நான் அவள் கையை இழுத்தேன், வரவில்லை. வரிசையின்மேல் விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தாள். அண்ணன் பெயர், அண்ணி பெயர். அதற்குக் கீழே விரல் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. ஒரு வரி அளவுக்கு வெறும் இடம். அதற்குக் கீழே என் பெயர்.

எனக்கு அப்போதும் புரியவில்லை. அக்காவுக்குப் புரிந்தது, அவள் எத்தனை வருஷம் இந்த வரிசைகளை அடித்தவள். நடுவில் ஒரு பெயரை எடுத்தால் கீழே இருப்பது தானாக மேலே ஏறிவிடும். இடம் தானாக மிச்சமாகாது. மிச்சமாக வேண்டுமென்றால் ஒருவன் மறுபடியும் எண்டர் தட்ட வேண்டும், வேண்டுமென்றே. பெயர்களுக்கு நடுவில் இடம் விடுகிறவனே இல்லை அண்ணன்.

"எனக்குன்னு எடம் வுட்டுகீறான்" என்றாள் அக்கா. கோபமா அழுகையா என்று தெரியாத குரல். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "அம்மா இருந்தா கேட்டிருக்கும்ல, பேரு வுட்டுப் போச்சேன்னு" என்றாள்.

இருந்திருந்தால் கேட்டிருப்பாள். அந்தப் போஸ்டரைக் கையால் தொட்டிருக்கவேமாட்டாள். அவள் பிள்ளைகள் நாங்களே அவளுக்கு அப்படி ஒரு போஸ்டர் போட்டோம்.

சாவுக்கு வந்தவளை யாரும் தடுக்கவில்லை. அக்கா அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். நைனா தலைமாட்டில் இருந்தார், நிமிரவே இல்லை. எடுக்கும்போது வாய்க்கரிசி போட மகள்களைக் கூப்பிட்டார்கள், நான் மட்டும் போனேன். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களோடு நின்று, தெருமுனை வரைக்கும் வந்துவிட்டு, அங்கிருந்து மாமாவோடு போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வீடு பழையபடி ஆனது என்று சொல்லத்தான் வேண்டும். சுவரில் அம்மாவின் மேல் வேறு யாரையோ ஒட்டிவிட்டார்கள், அந்தப் போஸ்டரும் எங்கள் கடையில் அடித்ததுதான். நைனா அந்தச் சேரை விடவில்லை. காலையில் வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். பிரிண்டரிலிருந்து வருவதை எடுப்பார், ஓரத்தைத் தட்டிச் சமமாக அடுக்குவார். அம்மா எப்படிச் செய்தாளோ அப்படியே. பேச மட்டும் மாட்டார்.

ஒரு நாள் காலையில் நான் கொடுத்த காகிதம் கீழே அடிக்கவில்லை. அண்ணன் பேனர் விஷயமாக வெளியே போயிருந்தான். இறங்கி வந்து அவன் கம்ப்யூட்டரில் பிரிண்டர் வரிசையைத் திறந்தேன். கடைசியில் என் காகிதம் இருந்தது. அதற்கெல்லாம் மேலே, முதல் வரியில், என் லேப்டாப்பிலிருந்து வந்த இன்னொன்று நின்றுகொண்டிருந்தது. அம்மா போன தேதி. பக்கத்தில், நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது என்று இருந்தது.

அவன் கேன்சல் பண்ணவில்லை. கேன்சல் அதே இடத்தில்தான் இருக்கிறது, ஒரு விரல் தள்ளி. கம்ப்யூட்டரை எத்தனையோ முறை அணைத்துப் போட்டிருக்கிறான், ஒவ்வொரு நாளும் அந்த வரியைப் பார்த்திருப்பான். அழிக்கவும் மனசு வரவில்லை, அடிக்கவும் தைரியம் வரவில்லை. நான் அவனோடு பேசாமல் இருந்த நாட்கள் பூராவும் அது அங்கேயே நின்றிருக்கிறது.

நைனா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நான் அந்த வரியைத் தொட்டு 'தொடரவும்' என்பதை அழுத்தினேன். பேப்பர் இல்லை என்றது. பேப்பர் வைத்தேன்.

போஸ்டர் மெதுவாக வெளியே வந்தது. முதலில் வானம், பிறகு குத்துவிளக்கு, பிறகு அம்மா. நைனா வழக்கம்போல் கையை நீட்டி எடுத்தார். எடுத்தவர் அடுக்கவில்லை. அவருடைய மூக்குக்கண்ணாடி உள்ளறையில் இருந்தது. தாளைக் கிட்டே கொண்டுபோய், தள்ளிவைத்துப் பார்த்தார்.

"இது அன்னிக்கி அட்ச்சதா?"

"அன்னிக்கிக் குட்த்தது நைனா. இன்னிக்கித்தான் வந்துச்சு."

"அன்னிக்கி வந்திருந்தா கீச்சிப் போட்டிருப்பேன்" என்றார். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. தாளை என்னிடம் நீட்டினார். "படி."

படித்தேன். முதலில் அம்மா பெயர். அண்ணன் பெயரைப் படித்தேன், அண்ணி பெயரைப் படித்தேன். மகள்கள் என்று சொல்லி, கொஞ்சம் நிறுத்தி, அக்கா பெயரைப் படித்தேன். அந்த வீட்டில் யாரும் அதைச் சத்தமாகச் சொல்லி எவ்வளவோ காலம் ஆகியிருந்தது, நானே போனில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நைனா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அடுத்து என் பெயரைப் படிக்க வாய் திறந்தேன்.

"இரு" என்றார்.

நான் நிறுத்தினேன்.

"அவ வூட்டுக்காரரு பேரு வுட்டுப் போச்சே" என்றார் நைனா.